விழுங்கச் சொன்னார்கள்

துப்புவதற்குக் கிண்ணம் எங்கே என்று கேட்டேன்.
விமுக்தி சிரித்தான்.
"இது தேயிலை இல்ல அக்கா, விழுங்கணும்.
இதோட கசப்பு தொண்டைக்குக் கிட்டத்தான் இருக்கு."

பதினெட்டு வருடம். நாளுக்கு இருநூறு கிண்ணம்.
உறிஞ்சு, உருட்டு, துப்பு.
துப்பத் தெரிந்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நுவரெலியா, மாசி மாதம், மாலை நாலரை.
பழைய உருளைக்கிழங்குக் களஞ்சியம்;
உள்ளே இப்போது மூன்று எஃகுத் தாங்கிகள்.
நடுவில் இருந்ததற்கு மட்டும்
இரண்டு கம்பளி சுற்றி, சணல் கயிறு போட்டு
காய்ச்சல்காரப் பிள்ளைபோல் நிறுத்தியிருந்தான்.

"ட்ரிப்பல். பெல்ஜியத்து மடங்களில காய்ச்சுற வகை.
ஒன்பது வீதம்."
"சாமியார் சரக்கா" என்றார் அன்ஸார் நானா.
மாத்தளையில் அவருக்கு ஏலக்காய் வியாபாரம்.
குடிக்கமாட்டார்.
மூக்கு மட்டும்தான் நடுவர் என்று
முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கதிரையில் அமர்ந்தார்.
மூன்றாமவர் ஹோட்டல் முகாமையாளர் டிரோன்;
தாளைத் திருப்பும் முன்பே இரண்டாவது ஊற்றிக்கொண்டார்.

நுரை வெள்ளை, இரண்டு விரல் உயரம்,
கண்ணாடியில் சரிகை விட்டு விட்டு இறங்கியது.
நிறத்தை ஜன்னலுக்குப் பிடித்தேன்.
எங்கள் மேசையில் இதற்குப் பெயர் வெளிறல்,
கழித்து ஒதுக்கிவிடுவோம்.
இங்கே அதற்குத்தான் முழுப் புள்ளி.

"கராம்பு போட்டிருக்கீங்க."
"இல்ல நானா."
"மிளகு?"
"அதுவும் இல்ல. எல்லாம் ஈஸ்ட் செஞ்ச வேலை."
அவர் மறுபடி முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு.
"அப்ப எனக்குக் கடை எதுக்கு?"

நான் உறிஞ்சினேன்.
தோடம்பழத் தோல். மிஞ்சிப் பழுத்த கதலி.
நாக்கின் இரு ஓரமும் பொரிந்தன.
வாய் தானாகக் குவிந்தது.
சுற்றிப் பார்த்தேன்.
விழுங்கினேன்.

சூடு நெஞ்சுக்குள் மெதுவாய் இறங்கி
ஒவ்வொரு வளைவிலும் நின்று போனது,
பதுளை ரயில்போல.

சம்பள நாள் இரவுகளில் லயத்தில் மணத்தது வேறு.
அதற்கு யாரும் புள்ளி போட்டதில்லை.
நாங்கள் பிள்ளைகள்
கதவு திறக்கும் சத்தத்தைத்தான் தரம் பிரித்தோம்.

கடைசி வாயில், தாளின்படி,
உலர்ந்து வெடுக்கென்று அறுந்துபோக வேண்டும்.
அறவில்லை. இனிப்பு உட்கார்ந்திருந்தது,
பந்தி முடிந்தும் எழும்பாத விருந்தாளி.

"ராவுல இங்க எத்தனை பாகை?"
"ஏழு. போன கிழமை உறைபனியும் விழுந்திச்சு."
"கம்பளி போதல்ல தம்பி.
ஒன்ட ஈஸ்ட் பாதி வேலையில படுத்துருச்சு."
வாட்டும் மாடியில் எங்களுக்கும் இதே வியாதி:
குளிர் இரவில் இலை வாடாது,
அவசரப்பட்டு உருட்டினால்
பச்சை வாடை கிண்ணம் வரை கூட வரும்.

"அப்ப நல்லா இல்லையா?"
"நல்லா இருக்கு. இன்னும் முடியல்ல, அவ்வளவுதான்."

டிரோன் போட்டது ஐம்பதுக்கு நாற்பத்தாறு.
நான் முப்பத்தொன்று;
எழுதிய பிறகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
அன்ஸார் நானா மணத்துக்கு மட்டும் முழுதும் போட்டு
மற்றப் பெட்டிகளில் எல்லாம்
'தெரியாது' 'தெரியாது' என்று எழுதியிருந்தார்.
மூன்று தாளிலும் அதுதான் ஒழுங்கான தாள்.

மறுநாள் காலை, தலவாக்கலை.
வரிசையில் அறுபத்துமூன்றாவது கிண்ணம், பீ.ஓ.பி.
உறிஞ்சினேன், உருட்டினேன்.
பொடியன் பேனாவோடு பக்கத்தில்.
துப்பும் தொட்டி காலடியில்.
உள்ளே போய்விட்டது.

"என்ன போட, மிஸ்?"

தொண்டைக்குக் கிட்ட
ஏதோ ஒன்று, கசப்பு என்றும் சொல்ல முடியாமல்,
இத்தனை வருடமும் அங்கேயே இருந்ததுபோல.

"பொறு" என்றேன்.