கீழ்கரையில் தண்ணீர் மேசை

குளத்துக்கு நதி என்று பெயர் வைத்த ஊர், மன்னார்குடி.
ஹரித்ராநதியை நாலு சுற்று ஓடினால்
ஐந்து கிலோமீட்டர் என்கிறது துண்டறிக்கை.
அளந்தது யாரென்று தெரியாது.

பனியனில் முன்பக்கம் ‘சிறுநீரகத்துக்காக ஓடுவோம்’,
முதுகில் நகைக்கடை, தோளில் உரக்கம்பெனி.
தலைக்கு இருநூறு ரூபாய்.
பெரியாஸ்பத்திரிக்கு நாலாவது டயாலிசிஸ் மெஷின்.

தண்ணீர் மேசை எனக்கு என்றதும்
நூருல் ஹுதா முகம் மாறியது.
“வேற யாரையாச்சும் நிக்கச் சொல்றேன் சார்.”
நான்தான் விடவில்லை.
அரிசி ஆலையில் இருபத்தொரு வருஷம் கணக்கு எழுதியவனுக்குக்
கப் எண்ணத் தெரியாதா?

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி எனக்கு.
காபி, ரசம், மாத்திரையோடு இறங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள்.
மேட்டூர் திறந்தாச்சா, கடைமடைக்கு வந்துச்சா என்று
ஊரே கேட்கும் ஆனி மாதத்தில்
நான் என் மதகை இறக்கிவைத்து உட்கார்ந்திருப்பேன்.

காலை ஐந்தே முக்கால்.
கொடியசைத்தார் யாரோ ஒரு அதிகாரி.
முதல் சுற்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்,
செல்ஃபி எடுத்தார்கள், தண்ணீரைத் தொடவில்லை.
இரண்டாவதில் வங்கி மேலாளர் வாயால் மூச்சுவிட்டார்.
கான்ஸ்டபிள் எழிலரசி மட்டும் அதே வேகம்.
டீக்கடை பக்கிரிசாமி வேட்டியை மடித்துக்கட்டி வெறுங்காலோடு;
கடையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாரோ.

மூன்றாவது சுற்றில் ஊருக்குத் தாகம் வந்தது.

கை நீண்டது. கை நீண்டது. கை நீண்டது.
ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையில் கவிழ்த்தார்கள்,
ரோட்டில் ஊற்றினார்கள்,
கப்பை நசுக்கி எறிந்தார்கள்.
தார் கறுத்து நனைந்து
சரிவு பார்த்துக் குளத்துப் பக்கம் போனது தண்ணீர்.
கோபம் இல்லை. கணக்குதான் போட்டேன்.
இருநூறு மில்லி கப் முந்நூற்றுப் பன்னிரண்டு,
பாதி சிந்தியது என்றால் முப்பத்தோரு லிட்டர்.
என்னுடைய ஒன்றரை மாதம்.

இடது கையில், ஊசி குத்த வசதியாக
ரத்தக்குழாய் இரண்டை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.
காதருகே வைத்தால்
தூரத்து வயலில் பம்புசெட் ஓடுவதுபோல் கேட்கும்.
அன்றைக்குக் காதருகே வைக்காமலே கேட்டது.

நாலாவது சுற்றில் அவள் வந்தாள்,
முக்காடு நெற்றியில் ஒட்டி, மார்பில் 214 குத்தி,
ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல்.
வாரம் மூன்று தடவை என் ரத்தத்தை வெளியே எடுத்து
அலசி உள்ளே அனுப்புகிறவள்.
கப்பை வாங்கினாள். என்னைப் பார்த்தாள்.
மேசையில் திரும்ப வைத்தாள்.
“அப்பறமா குடிச்சுக்கிறேன் சார்.”

சுருக்கென்றது.
“இங்கேயே நின்னு குடி.
என்னைக் காயவைக்கத்தான் உனக்குச் சம்பளம்.
நீயும் சேர்ந்து காயறதுக்கு இல்ல.”

குடித்தாள், முழுவதும்.
அந்தத் தொண்டை ஏறி இறங்கியதை
ஒரு சொட்டு விடாமல் பார்த்தேன்.
அது போதும்போல இருந்தது.

போதவில்லை.

மேடையில் தொகை சொன்னார்கள்:
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
மெஷின் ஆறேகால் லட்சம்.
மிச்சத்துக்கு அடுத்த வருஷமும் ஓடுவோம் என்றார் அதிகாரி.
நல்ல கைதட்டல்.
ராத்திரி ஷிப்டுக்காக வடுவூரிலிருந்து
கடைசி பஸ் பிடித்து வரும் மூன்றாம் கட்டில் சம்பந்தம்
‘அடுத்த வருஷம்’ என்பதை மட்டும்
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது.
பெருக்குகிறவர்கள் இன்னும் மேல்கரையில்.
மேசைக்கு அடியில், கைப்பிடிச் சுவரில்
நசுங்காத கப்புகள் நின்றன, பாதியும் காலுமாக.
எவர் எச்சில் என்று பார்க்கவில்லை.
ஒன்று. இன்னொன்று.
பிறகு எண்ணவில்லை,
இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக.

திங்கட்கிழமை எடை பார்த்தார்கள்.
வழக்கத்தைவிட அறுநூறு கிராம் கூட.
நூருல் ஹுதா முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
நோட்டில் எழுதினாள்.
ஊசி உறையைப் பிரித்தபடி சொன்னாள்:

“நீங்களும் ஓடுனீங்கபோல.”