மூன்றாம் அங்கம்

சவ்வா பெரெலீகின் என்ற பெயரை
அப்படியே நோட்டீசில் போட முடியாது.
ஞானமுத்து வாத்தியார் யோசித்தார்.
ச. பெரியலிங்கம் என்று போட்டார்.
ஊர்: வெருலம்.
ஸ்பெஷல் பிராஞ்ச் அதை அப்படியே நம்பியது.

உண்மையான மனிதர் ஏதோ ஒரு ரஷ்ய ஆற்றங்கரையில்
படகுக்காரனுக்குப் பிறந்தவர்.
தானியக் கிடங்கில் எடைக் குமாஸ்தா.
ஐந்து நாடகம்.
பிறகு பதின்மூன்று வருடம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு பரிசு, ஒரு தடித்த நாவல்.
பின்னட்டை அந்தப் பதின்மூன்றைப்
‘பயணங்கள்’ என்று சொல்லித் தாண்டுகிறது.
பிறந்த வருடம், ஒரு சிறுகோடு, அப்புறம் வெற்றிடம்.

டர்பன் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் கொடுத்த புத்தகம்.
வாத்தியார் ஆங்கிலத்திலிருந்து
கணக்கு நோட்டில் தமிழாக்கினார்.
பகலில் நான் சட்டைக் காலர் தைப்பவள்.
இரவில் மகசின் பாரக்ஸ் ஹாலில்
திரைக்குப் பின்னால் டார்ச்சும் நோட்டுமாய்
மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பவள்.

நாடகத்தில் ஒரு தராசு.
முள் காட்டுவது ஓர் எண்,
மேலிடம் எழுதச் சொல்வது இன்னொன்று.
குமாஸ்தாவாக நடித்த ருத்ரா படையாச்சி
முதல் ஒத்திகையிலேயே சிரித்துவிட்டான்:
“டொங்காட் மில்லில் எங்கப்பன் கரும்புக்கு
எடை போட்டதை
இந்த ஆள் எங்கிருந்து பார்த்தான்?”

சிக்கல் மூன்றாம் அங்கத்தில்.
முப்பத்தாறில் அச்சான பிரதியில்
முள் காட்டியதையே எழுதுகிறான் குமாஸ்தா;
விடிவதற்குள் கூட்டிப்போகிறார்கள்.
நாற்பத்தொன்பதில் அதே நாடகம், அதே பெயர்,
தராசுதான் பழுதாம்.
எல்லோரும் சேர்ந்து பழுது பார்த்துப் பாடுகிறார்கள்.
பரிசு அதற்குத்தான்.
எங்கள் கைக்கு இரண்டும் வந்து சேர்ந்தன,
ஆறு மாத இடைவெளியில், இரண்டு கப்பலில்.

எதைப் போடுவது என்று கடைசிவரை சண்டை.
பாடிவிட்டால் ஹாலாவது மிஞ்சும் என்றார் பொருளாளர்.
ஹாலும் மிஞ்சாது,
அத்தனை பேரையும் சாட்ஸ்வர்த்துக்கு
லாரியில் ஏற்றப்போகிறான் என்றது பின்வரிசை.

அன்றிரவு மூன்றாம் வரிசையில்
டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்
சார்ஜென்ட் வேதமாணிக்கம்,
வெள்ளைக்கார மேலதிகாரிக்காக
வசனம் வசனமாய் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு.
யோசித்தால் அவரும் வாத்தியார் வேலைதான் பார்த்தார்.
திசைதான் எதிர்.

தராசின் முன் வந்து நின்ற ருத்ரா
என் பக்கம் திரும்பினான்.
மடியில் இரண்டு முடிவு.
டார்ச்சை அணைத்துவிட்டேன்.
தைரியம் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்;
கை நடுக்கத்தில் எழுத்தே தெரியவில்லை,
அவ்வளவுதான்.

அவன் பேனாவை எடுத்தான்.
மூடியைத் திறந்தான். நின்றான்.
ஹாலில் ஒரே சத்தம்
சார்ஜென்ட்டின் பென்சில்.
பிறகு அதுவும் நின்றது.
எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.
யாரோ திரையை இறக்கினார்கள்.

சாட்ஸ்வர்த்தில் இப்போது எனக்கு இரண்டு அறை.
போன மாதம் வேறொரு பையன் வந்தான்,
புது சூட், பழைய ஃபைல்.
பெரியலிங்கம் உயிரோடு இருக்கிறாரா?
இல்லையென்றால் எந்த வருடம்?

தெரியாது என்றேன்.
இத்தனை வருடத்தில் அவர்களிடம்
பொய் சொல்லாத ஒரே பதில்.
ஒரு சிறுகோடு போட்டுக்கொண்டு
டீ வேண்டாம் என்று போய்விட்டான்.