நானூறு ரூபாய் வித்தியாசம்

குன்னூர் பெட்ஃபோர்டு கடையில்
இரண்டையும் திறந்து வைத்தார் ரெஜினால்டு.
ஒன்றில் திரை பிரமாதம்.
மற்றதில் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படி மேல்;
"ஆனா கொதிக்கும், மேடம்.
மடியில வெச்சு ஆடாதீங்க."

நானூறு ரூபாய்தான் வித்தியாசம்:
ஒரு கிலோ வர்க்கி, கோத்தகிரிக்கு பஸ், மீதி சில்லறை.

மூன்று வாரமாய் இதே கணக்கு.
தேயிலை ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட் முடிந்து
ரேம், வாட், ஹெர்ட்ஸ் என்று
போனில் ஒப்பிட்டு ஒப்பிட்டு
எண்ணெல்லாம் ஒரே மூஞ்சியாகிவிட்டது.

வெளியே மஞ்சு இறங்கி
எதிர்க்கடையை அழித்திருந்தது.
விறைத்த விரலை
டச்பேட் ஆளாகவே மதிக்கவில்லை.

கொதிக்கிறதையே கொடுங்க என்றேன்.

அதில் இன்னும் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.
விசிறி ஓட்டைப் பக்கம்
இரண்டு கையையும் நீட்டி நின்றேன்.
பில் எழுதாத கையை
ரெஜினால்டும் நீட்டினார்.