ஒரு சாண் தாழ்ந்த வலை

பட்டிக்கூரையில் துளை விடுவது
பாமிர் மலையில் எல்லார் வீட்டு வழக்கம்.
மூத்திர வாடை போக,
ஆடுகளுக்கு மூச்சு முட்டாமலிருக்க,
நடுப்பகலில் ஒரு கை வெயில் இறங்க.
போன பிப்ரவரியில்
அந்த வழியாகத்தான் அது இறங்கியது.

இறங்கத் தெரிந்தது, ஏறத் தெரியவில்லை.
விடிந்து கதவைத் திறந்தால்
இருபத்தேழு கிடந்தன.
தின்றது ஒன்றில் பாதி.
தீவனத் தொட்டிக்குப் பின்னால்
தன் வாலைத் தானே அணைத்துக்கொண்டு
பனிச்சிறுத்தை
என்னைவிட அதிகமாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

மிஸ்ரோப்ஷோ துப்பாக்கியோடு ஓடிவந்தான்.
தோட்டா தேடிப் போன அவன் தம்பி திரும்புவதற்குள்
நான் வாசலைவிட்டு விலகிவிட்டேன்.
இரக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
கால் விலகியது, அவ்வளவுதான்.
இரண்டு வீட்டார் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

"எத்தனை மிச்சம்?"
மாஸ்கோவிலிருந்து நீ கேட்டாய்.
நாலு, என்றேன்.
உன் பக்கத்தில் கான்கிரீட் கலக்கும் இயந்திரம்
வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.
இருபத்தேழு ஆடு என்றால்
இன்னும் இரண்டு குளிர்காலம் நீ அங்கே.
அந்தக் கணக்கை நீயும் சொல்லவில்லை, நானும்.

ஜூனில் பாதை திறந்தது.
கோரோக்கிலிருந்து லாரி வந்தது,
வீட்டுக்கு ஒரு கம்பிவலைச் சுருளோடு.
துளைமேல் விரித்துவிட்டேன்,
முடிச்சுதான் நிற்கவில்லை.
கம்பி கட்டுவதுதானே உன் பிழைப்பு?
போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்தேன்.
பதினெட்டாம் மாடியில் நின்றுகொண்டு
இடுக்கியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய்.
"ரெண்டு முறுக்கு போதும் சவ்சன்.
மூணாவது போட்டால் அறுந்துபோகும்."
அறுபத்திரண்டு முடிச்சு.
பயத்தில் நாலைந்துக்கு மூன்றாவதும் போட்டேன்.
நீ சொன்னது சரி.
அவற்றைத் திரும்பக் கட்டினேன்.

நேற்று ராத்திரி
நாய் ஒரே ஒருமுறை குரைத்து நிறுத்திவிட்டது.
ஓயாமல் குரைத்திருந்தால் தூங்கியிருப்பேன்.
டார்ச்சோடு போனேன்.
ஆடுகள் சுவரோடு சுவராய் நெருக்கி
எல்லாம் அண்ணாந்து நின்றன.
வானம் தெரியவேண்டிய இடத்தில்
வெள்ளை வயிறு.

வலை ஒரு சாண் தாழ்ந்திருந்தது.
கம்பிக் கண்தோறும் மயிர் பிதுங்கி
மூச்சுக்கு மூச்சு அசைந்தது.
நான் அதைப் பார்க்கவில்லை.
முடிச்சுகளைப் பார்த்தேன்,
ஒவ்வொன்றாக, விளிம்பு முழுக்க,
உன் கையெழுத்தைப் பார்ப்பதுபோல.

அது பிறாண்டவில்லை.
கீழேயிருந்து ஆடுகளின் மூச்சு
ஆவியாய் எழுந்து
அதன் வயிற்றில் போய்ப் படிந்துகொண்டிருந்தது.
தின்ன வந்திருக்கும், சந்தேகமில்லை.
வலை விடவில்லை.
சூடாக இருக்கிறதே என்று
அங்கேயே படுத்துவிட்டது.
மைனஸ் முப்பதில்
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

விடிந்ததும் கூரைமேல் ஏறினேன்.
சுற்றிலும் முழங்கால் பனி.
வால் கிடந்த இடம் மட்டும்
அரிவாள்போல் வளைந்து பள்ளமாய்.
கம்பி முனைகளில் சாம்பல் மயிர்.
வடக்கோரத்தில் ஒரு முடிச்சு நெகிழ்ந்திருந்தது.
அறுத்துவிட்டுப் புதிதாய்க் கட்டினேன், ரெண்டு முறுக்கு.
ஆற்றங்கரைக் கட்டை ஒன்றைக்
குறுக்கே கொடுத்தேன்.
இனி எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் படுக்கட்டும்.
ஆனால், ஆடுகள் இன்று
தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டன.
அதையும் எழுதிவைக்க வேண்டும்.

சாயங்காலம் நீ கூப்பிடுவாய்.
போனில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான்:
குட்டியோடு சேர்த்து ஒன்பது.
நேற்றும் ஒன்பதுதான்.
யாராவது ஊருக்கு வந்தால்
கட்டுக்கம்பி ரெண்டு கிலோ கொடுத்தனுப்பு.