வந்த நோக்கம்

"இன்னா மனு?" என்றார் வாசல் காவலர்,
முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்து.
மனு இல்ல சார். சும்மா, சுத்திப் பாக்க.
அதற்கென்று ஒரு வரிசை அவரிடம் இல்லை.
கட்டைப்பையைக் கவிழ்த்தார்:
தண்ணி பாட்டில், மாத்திரை அட்டை, ஒரு கொய்யாப்பழம்.
ஒரு காகிதம்கூட இல்லாததுதான்
அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

பதினோரு முறை வந்திருக்கிறேன் இந்தக் கோட்டைக்கு.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால் காத்திருந்து,
பாரீஸில் இறங்கி ஓடி,
தனிப்பிரிவு வரிசையில்
முன்னால் நிற்பவர் முதுகைப் படித்துக்கொண்டு.
காலர் கிழிந்த சட்டை. வேர்க்குரு.
ஒருத்தியின் பின்கழுத்தில்
தாலிக் கயிற்றின் மஞ்சள் இறங்கிய தடம்.
முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டு.
போங்க, வரும்.
கோட்டை என்ன கலரும்மா என்று
மகள் ஒருமுறை கேட்டாள்.
யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

போன மாதம் பட்டா வந்துவிட்டது.
இருபத்தேழு வருஷம் கேட்டதைக் கொடுத்துவிட்டு
தபால்காரர் சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடாமல் போனார்.
அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை
கையில் வேலை இல்லை.
கால் இங்கே கொண்டுவந்துவிட்டது.

கோயம்புத்தூர் காலேஜ் பிள்ளைகள் ஒரு கும்பல்.
கைடு சொல்வது காதில் விழும் தூரத்தில்
நானும் அவர்களோடு.
இந்தக் கறுப்புத் தூண்களை
பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரிக்குத் தூக்கிப்போனானாம்.
பதினைந்து வருஷம் கழித்து
இவன் போய்த் திருப்பிக்கொண்டு வந்தானாம்.
எல்லோரும் நகர்ந்த பிறகு ஒரு தூணைத் தொட்டேன்.
காசிமேட்டில் மீன் அரிகிற கல்லின் குளிர்ச்சி.
உனக்குப் பதினஞ்சுதான் என்றேன் அதனிடம்.

மாதா கோயில் கூரை
அடிக்கணக்கில் கனம். குண்டு விழுந்தாலும் தாங்கும்.
எங்கள் ஷீட்டின் மேல் காக்கா நடந்தால்
உள்ளே டிவி கேட்காது.
விழுந்துச்சா சார், குண்டு?
பிள்ளைகள் சிரித்தார்கள். கைடு சிரிக்கவில்லை.
"விழுந்துச்சும்மா. மத்த எடத்துல."

மியூசியத்தில் கண்ணாடிக்குள் ஒரு பழைய வரைபடம்.
சுவருக்கு உள்ளே வெள்ளையர் பட்டணம்,
வெளியே கறுப்பர் பட்டணம்.
தெருக்கள் ஒவ்வொன்றும் மயிரிழை கனத்தில்.
நெய்கிறவர், சாயம் போடுகிறவர், படகுக்காரர்
குடியிருந்த தெருக்கள்.
பீரங்கிக்குப் பார்வை மறைக்கிறதென்று
மொத்தமும் இடித்துத் தரையாக்கி,
இதற்குள் யாரும் வீடு கட்டக்கூடாதென்று
எல்லைக்குத் தூண் நட்டார்களாம்.
அதில் ஒன்று இன்னும் பாரீஸ் முனையில் நிற்கிறதாம்.
அவ்வளவு வருஷம் அங்கே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்,
பார்த்ததில்லை.

இடிச்சப்புறம் அவங்கள்லாம் எங்க போனாங்க?
"வடக்கால" என்று கையை நீட்டினார்.
அடுத்த கண்ணாடியில் நாணயங்கள்.
பிள்ளைகள் அங்கே போனார்கள்.
அவர் நீட்டிய திசையில் இருந்தது சுவர்தான்.
ஆனால் எனக்கு வடக்கு தெரியும்.

வாசலில் பார்வையாளர் பதிவேடு.
பெயர், ஊர், வந்த நோக்கம்.
எனக்கு முன்னால் யாரோ 'சுற்றுலா' என்று,
அவருக்கு முன்னால் யாரோ 'ஆராய்ச்சி' என்று.
பேனாவை வாங்கியதும் கை தானாக
'அனுப்புநர்' என்று எழுதிவிட்டது.
அடித்தேன்.
தெ. பவுனம்மாள், கொருக்குப்பேட்டை.
நோக்கம்: பார்க்க.
அதற்குக் கீழே
'எனவே ஐயா அவர்கள்' என்று தொடங்கப் பார்த்த விரலை
மடக்கிக்கொண்டு வந்தேன்.

"குடுத்தாச்சா?" என்றார் வாசல் காவலர்.
ஆச்சு சார்.

கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி, நிலக்கரி,
முப்பது பெட்டிக்கு மேல் எண்ணவில்லை.
மகளுக்குச் சொல்ல வேண்டும்:
வெள்ளைதான்டி.
முன்னாடி தாங்கிக்கினு நிக்கிறது மட்டும் கறுப்பு.
கொய்யாப்பழத்தைக் கடித்தேன்.
உப்பு, மிளகாய்த்தூள் ஏதாவது இருந்தால்
நன்றாக இருந்திருக்கும்.