மூன்றாவது கம்பி

பஞ்சிகாவத்தையில் சனிக்கிழமை
துணி துவைக்கும் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டர் ஒன்றை
மூவாயிரத்து இருநூறுக்கு வாங்கினேன்.
பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
பிள்ளையைப் போல என்று சொல்லமாட்டேன்,
பிள்ளை கிரீஸ் வடிக்காது.

என்னுடையது கால்மிதிக் கடைசல் பொறி.
பூரிக்கட்டை, கதிரைக்கால்,
ஒருமுறை யாருக்கோ மேளக் குச்சி.
இடது முழங்கால் இனி முடியாது என்ற பிறகுதான்
இந்த யோசனை.
கொட்டாஞ்சேனை வாடகை வீட்டில்
குசினிக்கும் கழிவறைக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி என் தொழிற்சாலை.

பட்டி மாட்டினேன். கப்பி நேராய் நின்றது.
பிளக்கில் இரண்டு பின், இரண்டு கம்பி.
மூன்றாவது, பச்சையில் மஞ்சள் கோடு போட்டது,
போக இடமில்லாமல் தொங்கியது.
வெட்டிச் சுருட்டி டேப் சுற்றினேன்.
சுவிட்சைப் போட்டதும்
தேக்கஞ்சீவல் சுருள் சுருளாய் முகத்துக்கு வந்தது.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கையில்
மோட்டரில் புறங்கை பட்டது.
அடி இல்லை, கூச்சம்.
எறும்பு ஊர்வது போல என்று எழுத வருகிறது.
எறும்பு இல்லை அது.
என்னைத் தட்டி, தரைக்குப் போக
வழி கேட்டது ஏதோ.

மேல்வீட்டு நிஹாரா
ஓட்டல் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை.
தலைத்துணியைப் பின்னால் செருகியபடி
மீட்டரோடு இறங்கி வந்தாள்.
"நூற்றிப் பதினொன்று" என்றாள்.
கெப்பாசிட்டரைத் தொடப்போன என் கையைத் தட்டிவிட்டாள்,
பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
அது மறக்காதாம்.
பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாள், சோற்றுக்குக்கரில் வைத்தாள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

"அப்ப அது குளிர் இல்லையா?"
கரண்டியோடு நின்ற சுகிர்தா கேட்டாள்.
ஒன்பது வருஷமாய் ஃபிரிட்ஜ் கைப்பிடியில்
அவள் விரலில் சுருக்கென்றதை
நாங்கள் குளிர் என்றே நினைத்திருந்தோம்.

மீட்டர்ப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி
சுவரோடு இறங்கிப் பின்முற்றத்து டைல்ஸுக்குள் போனது.
நிஹாரா இழுத்தாள். கையோடு வந்தது, ஒரு சாண்.
மறுமுனையில் ஒன்றுமில்லை.
டைல்ஸ் பதித்தவர்களுக்கு அசிங்கமாய்த் தெரிந்திருக்கும்.
ட்ரிப் சுவிட்சோ,
அடிக்கடி விழுகிறதென்று முன்பிருந்தவர்கள்
அதைச் சுற்றி வேறு வயர் கொடுத்து
நிம்மதியாய் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"டைல் உடைந்தால் அட்வான்ஸில் கழிப்பேன்"
என்றார் வீட்டுக்காரர் லெனார்ட்.
கழியுங்கள் என்றேன்.

கொழும்பில் ஒரு பேர்ச் காணி எனக்கில்லை,
எந்த உறுதியிலும் என் பெயரில்லை.
தோண்டத் தோண்டச் சல்லி, செங்கல் துண்டு,
யாரோ குடித்த சோடாவின் மூடி,
அதற்கும் கீழே கறுத்த ஈர மண்.
செம்புக்கோலை நிஹாரா சுத்தியலால் இறக்கினாள்.
கடைசி அடி என்னுடையது.
நாலடி ஆழம், வாடகைக்குத்தான்.

வெட்டிய கம்பிக்குப் புதுத் துண்டு வந்தது,
மூன்று பின் பிளக் வந்தது, ட்ரிப் சுவிட்ச் வந்தது.
சுவிட்ச் ஒன்றும் எழுதித் தந்தாள்,
பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்,
மோட்டரை விட விலை.
எதற்கு என்று முணுமுணுத்தேன்.
பதில் சொல்லவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.

செவ்வாய் இரவு, கதிரைக்கால் பாதியில்
கரண்ட் போனது.
ஒழுங்கை முழுக்க ஒரே "ச்சே".
உளி எங்கோ விழுந்திருந்தது.
பட்டிக்கும் கப்பிக்கும் இடையில் கைவிட்டு
இருட்டில் துழாவிக்கொண்டிருந்தேன்.
பிளக்கைப் பிடுங்க நினைவில்லை.

வந்தது.
எதிர்வீட்டு டிவி கத்தியது, விசிறி கிறீச்சிட்டது,
தெருநாய் எதையோ பார்த்துக் குரைத்தது.
என் நாலு விரலும் இன்னும் உள்ளே.

பொறி அசையவில்லை.
பச்சைப் பொத்தான்
யாராவது கேட்டால் பார்க்கலாம் என்று இருந்தது.

கையை வெளியே எடுத்தேன்.
கட்டை விரலோடு ஐந்து.
இன்னொரு முறையும் எண்ணினேன்.

உள்ளே சுகிர்தா ஃபிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள்,
மறுபடி திறந்தாள்.
"கைப்பிடி சும்மா இருக்கு, பாருங்கோ" என்றாள்.