எதிர்ப்பு ஏதும் இல்லை

புயல் காப்பகத்தில் கூட்டம், பதினொரு மணிக்கு.
மின்விசிறி ஓடவில்லை.
கடலில் காற்றாலை நடுவது பற்றித்தான் பேச வந்திருந்தார்கள்.

டென்மார்க் எரிசக்தித் துறையிலிருந்து ஹென்னிங்.
நாற்காலி போதாமல்
முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே தெரிந்தன.
நான் மொழிபெயர்க்கப் போனவள்.
கேணிக்கரையில் டியூஷன் எடுக்கிறேன்.
அன்றைக்கு ஆயிரத்தெண்ணூறு, பணம் பிறகு.

முதலில் காற்று என்றார்.
காற்று என்றேன்.
"எந்தக் காத்து?" முதல் வரிசையில் நம்புத்தாய்.
"கச்சானா, கொண்டலா, வாடையா?
அவுக ஊருல பேரு வைக்கலியா?"
அவர் நொடிக்கு இத்தனை மீட்டர் என்றார்.
பேரில்லாத காற்றுக்குக் கம்பம் நடப்போகிறார்களாம்
என்று பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் தன் நாட்டு அரசைப் பற்றித் தொடங்கினார்.
வரி நிறைய வாங்குவோம், கணக்கும் காட்டுவோம்.
கடலில் தூண் இறக்குமுன்
மீனவரிடம் பேசித் தீர்க்க வேண்டும், அது சட்டம்.
எங்கள் மன்றத்தில் நூற்று எழுபத்தொன்பது பேர்.
அரசு நிற்கப் பாதிப் பேர் ஆதரிக்க வேண்டியதில்லை,
தொண்ணூறு பேர் எதிர்க்காமல் இருந்தால் போதும்.

இங்கேதான் எனக்கு நாக்குத் தட்டியது.
மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.
நான்காவதாக,
"வேணும்னு சொல்லவும் ஆள் பத்தாது,
வேண்டாம்னு சொல்லவும் ஆள் பத்தாது,
அதனால நடக்குது" என்றேன்.
நம்புத்தாய்க்குப் பிடிபட்டுவிட்டது:
"எங் கல்யாணம் மாதிரி."

சிரிப்பு அடங்க நேரமானது.
என்ன சொன்னார் என்று கேட்டார் ஹென்னிங்.
புரிகிறதாம், என்றேன்.
எழுதிக்கொண்டார்.

அவள் கை இறங்கவில்லை.
விரல் ஒவ்வொன்றிலும் பழந்துணிச் சுற்று,
அதற்கும் மேலே பார் கிழித்த கோடுகள்.
"நட்டஈடு வள்ளம் வச்சவுகளுக்கா,
வள்ளமில்லாம முங்குறவுகளுக்கா?
எங்களுக்குப் படகு நம்பர் கெடையாது.
மரிக்கொழுந்துப் பாசிக்கு எவனும் பில்லு குடுக்குறதில்ல.
மாசம் பன்னெண்டு நாளுதான் எடுக்குறோம்,
மத்த நாளு வளரட்டும்னு விட்டுர்றோம்.
எந்த ஆபீசும் சொல்லல.
நாங்களே பேசிக்கிட்டது."

அவர் பேனாவை மூடினார். திறந்தார்.
எங்களூரில் மீனவர் என்றால் பதிவு இருக்கும்,
படகு இருக்கும், வருமானக் கணக்கு இருக்கும்
என்று இழுத்தார்.
பிறகு, அந்தப் பன்னிரண்டு நாளை
எத்தனை ஓட்டில் நிறைவேற்றினீர்கள்?

"யாரும் வேண்டாம்னு சொல்லல."

அவர் முகம் சிவந்து விரிந்தது,
சொந்த ஊர்க்காரியைப் பார்த்துவிட்டதுபோல.

அதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல்,
"கடல் வத்திருச்சு."
முப்பத்தேழு பெண்களும் எழுந்துவிட்டார்கள்,
சேலைக்கு மேல் ஆண்சட்டையை மாட்டிக்கொண்டு,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
ஹென்னிங் பாதி வாக்கியத்தில்.
நான் அதில் பாதியில்.
பன்னிரண்டில் அன்று ஒன்பதாவது நாள்.

நான்கு மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம்.
கூட்டக் குறிப்பு ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள்.
கடைசி வரி:
பொதுமக்கள் தரப்பில் எதிர்ப்பு ஏதும் இல்லை.

சின்ன வரி. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.
நான் இரண்டு டீ குடித்தேன்.
ஆமாம், இல்லைதான்.
அந்த நேரம் அங்கே நாற்காலிகள் இருந்தன,
ஒன்றின் அடியில் யாரோ உதிர்த்த விரல்துணி,
குடிக்காத இளநீரோடு ஓர் அயல்நாட்டார்.
யாருமில்லாததால் இல்லாத எதிர்ப்புக்கும்
யாரும் எதிர்க்காததால் இல்லாத எதிர்ப்புக்கும்
தமிழில் ஒரே 'இல்லை'தான்.
ஆங்கிலத்திலும் தேடினேன்.

தட்டச்சினேன்:
பன்னிரண்டே காலுக்குக் கடல் வற்றியது.
கேட்கப்பட்டவர்கள் கடலில்.
கேள்வி ஒன்று நிலுவையில்.

எழுத்தர் சேதுபாண்டி தாளை மேலும் கீழும் பார்த்தார்,
ஆங்கிலமாக இருக்கவே முத்திரை குத்தினார்.

ஆனி போய் ஆவணி வந்துவிட்டது.
என் ஆயிரத்தெண்ணூறு வரவில்லை.
போன் போட்டால்
"உங்க பில்லுக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்ல மேடம்"
என்கிறார்.